ஐந்தாவது ஃபவுல்

என் அக்காவின் கணவர் இறந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. பாட்டில் ஆலையின் சோதனைப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். ஆலையின் கூடைப்பந்து அணிக்கு இருபது வருடம் ஸ்கோர் எழுதியவர். விசாரிக்க வந்தவர்கள், "அமைதியான மனுஷன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் வாசலில் செருப்பைத் தேடினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் அந்த அளவுக்குத்தான் பழகியிருந்தேன்.

அவருடைய வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளை விளக்குப் பலகை. அதன் முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து போகும், நிமிடத்துக்கு எழுபது. மாமா உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, கழுத்தில் கீறலோ அடியில் குமிழியோ உள்ள பாட்டிலை எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் போடுவார். போட்டது உடையும். உடைந்த கண்ணாடி மறுபடி உலைக்குப் போகும். கண் களைத்துவிடும் என்பதால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பது விதி. மாற்று ஆள் வந்து தோளைத் தொட்டாலும் மாமா, "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பார்.

அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடிக்கும் கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

"என் தம்பி வாங்கிட்டு வந்த செட்டுங்க அது. அதையுமா சோதிக்கணும்?" என்று அக்கா கேட்பாள்.

"உன் தம்பி வாங்கினதாலதான் சோதிக்கிறேன்."

அக்கா போய்ப் பதினோரு வருடம். குழந்தைகள் இல்லை. அவள் இருந்தவரை நான் வாரத்துக்கு நான்கு நாள் அந்த வீட்டில் சாப்பிட்டவன். அவள் போன பிறகு எனக்கும் மாமாவுக்கும் நடுவில் மிஞ்சியது ஒரு மேசைதான். மைதான ஓரத்தில் போடும் நீள மேசை. அவர் ஸ்கோர் எழுதுவார், நான் பக்கத்து நாற்காலியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வேன். சீசன் நேரத்தில் வாரம் இரண்டு மாலை. அதற்கு மட்டும் அவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வருவார். முதல் பாதிக்கு ஒரு சிவப்புப் பேனா, மறு பாதிக்கு ஒரு நீலப் பேனா. ஆட்டம் முடிந்ததும் இரண்டையும் மூடிப் பையில் செருகிக்கொண்டு, "வர்றேன் மச்சான்" என்று கிளம்பிவிடுவார்.

ஊரில் எட்டு அணிகள், எல்லாமே வேலை செய்யும் இடங்களின் அணிகள். எட்டிலும் அவருக்கு ஒரே பெயர், மேசைக்காரர். ஸ்கோரில் தகராறு வந்தால் ரெஃபரி மேசைக்கு வந்து எட்டிப் பார்ப்பார். மாமா தலையை நிமிர்த்தாமல், "எழுதியாச்சு" என்பார். தகராறு அத்துடன் முடிந்துவிடும். பதினாறு வருடம் அவர் எழுதியதில் ஒரு பிழையை யாரும் கண்டுபிடித்ததில்லை.

பதினேழாவது வருடத்து இறுதி ஆட்டம் எங்களுக்கும் காகித ஆலைக்கும் நடந்தது. காகித ஆலையில் ஒட்டகம் ஆடிக்கொண்டிருந்தான். நீண்ட கழுத்து, நடக்கும்போது முன்னும் பின்னும் போய்வரும் தலை, அதனால் அந்தப் பெயர். நடப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். பந்து கைக்கு வந்த பிறகு யாரும் சிரித்ததில்லை. மேலே குதித்து, காற்றில் நின்று, எதிராளி கீழே இறங்கிய பிறகு நிதானமாகப் போடுவான். வாய்தான் அவனுக்கு எதிரி. ரெஃபரியோடு வம்பு, சொந்தக் கோச்சோடு வம்பு, தண்ணீர் கொண்டுவந்தவனோடுகூட ஒருமுறை வம்பு. 'அவன் ஆட்டம் நாற்பது நிமிஷம், சண்டை அம்பது நிமிஷம்' என்று எங்கள் கோச் சொல்வார்.

அன்று இரண்டு நிமிடம் பாக்கி இருந்தபோது ஸ்கோர் சமம். ஒட்டகத்தின் பெயரில் ஏற்கெனவே நான்கு ஃபவுல். ஐந்தானால் வெளியே போக வேண்டும். கூடைக்கு அடியில் ஒரு தள்ளுமுள்ளு. எங்கள் ஆள் எறும்பு கீழே விழுந்தான். குள்ளம், ஓயாத ஓட்டம், அதனால் எறும்பு. விசில் ஊதி, ரெஃபரி மேசையைப் பார்த்துக் கையைக் காட்டினார். பத்துக்கு மேலான எண் என்றால் ஒரு கையை முட்டியாக மூடி, மறு கையில் மிச்ச விரல்களைக் காட்டுவது முறை. பன்னிரண்டு என்றால் முட்டியும் இரண்டு விரலும். பதிமூன்று என்றால் முட்டியும் மூன்று விரலும். நான் கடிகாரத்தை நிறுத்திக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. மாமா எழுதினார். எழுதிவிட்டு, "பன்னெண்டு. அஞ்சாவது" என்றார். ஐந்து என்று எழுதிய பலகையை நான்தான் தூக்கிக் காட்டினேன்.

பன்னிரண்டு ஒட்டகத்தின் எண், பதிமூன்று அவன் அணியிலேயே இன்னொருவன். அவன் ஓடிவந்து மேசையில் இரண்டு கையையும் ஊன்றினான்.

"அண்ணே, நான் தொடவே இல்ல. பதிமூணு. கொஞ்சம் பாத்து எழுதுங்கண்ணே."

அவன் கெஞ்சி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"எழுதியாச்சு" என்றார் மாமா, தலையை நிமிர்த்தாமல்.

மேசை கவிழ்ந்தது. அதன் விளிம்பு மாமாவின் புருவத்தில் பட்டு ரத்தம் வந்தது. மூன்று தையல். ஒட்டகத்துக்கு ஒரு சீசன் தடை. நாங்கள் மூன்று புள்ளியில் வென்றோம். ஆலைக்கு இதுவரை கிடைத்த ஒரே கப் அது.

ஆஸ்பத்திரிக்கு எங்களோடு எறும்பும் வந்தான். தையல் போட்டு முடித்து வெளியே உட்கார்ந்திருந்தபோது, ஆறுதலாக ஏதாவது பேச வேண்டும் என்று பேசினான். "என் கையில அடிச்சது அந்தப் பதிமூணுதாண்ணே. ஒட்டகம் பக்கத்துலயே இல்ல. ரெஃபரி தப்பா காட்டிட்டாரு போல. அதுக்குன்னு மேசையையா கவுப்பாங்க?"

மாமா என்னிடம் ஸ்கோர் ஷீட்டைக் கேட்டு வாங்கினார். விரித்துப் பார்த்தார். பிறகு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வலி போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

மறுநாள் ரெஃபரி பழங்களோடு வீட்டுக்கு வந்தார். "மூணு விரல் காட்டின மாதிரியும் இருக்கு, ரெண்டு காட்டின மாதிரியும் இருக்கு. நீங்க பன்னெண்டுன்னு எழுதியிருக்கீங்க. அப்ப ரெண்டுதான் காட்டியிருப்பேன்" என்றார். தன் கையைவிட மாமாவின் பேனாவை அவர் நம்பினார். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான்.

மூன்று வருடம் போயிற்று. தடை முடிந்து திரும்பிய ஒட்டகம் முன்பைவிட மோசமாகியிருந்தான். குடி, வேலைக்கு மட்டம், ஒருநாள் மேற்பார்வையாளரின் சட்டையைப் பிடித்துவிட்டான் என்று செய்தி. ஆனால் ஆட வந்த நாட்களில் முன்பைவிட நன்றாக ஆடினான். காகித ஆலைக்கு அலுத்துவிட்டது. எங்கள் லீகில் ஆட்டக்காரனை மாற்றுவதென்றால் ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். அணி மட்டுமல்ல, வேலையும் மாறும். காகித ஆலை எறும்பைக் கேட்டது. எறும்புக்கும் போக விருப்பம். அவன் மனைவி அந்த ஆலையின் பள்ளியில் ஆசிரியை, காலையில் ஒன்றாகக் கிளம்பலாம். ஆகவே கேள்வி ஒட்டகத்தைப் பற்றியது மட்டும்தான். பத்தாம் தேதிக்குள் நாங்கள் எடுத்துக்கொள்ளாவிட்டால் அவனை வேலையை விட்டே நீக்கிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கேன்டீனின் பின்னறையில் கூட்டம். பணியாளர் மேனேஜர், கோச், கேப்டன், அணிச் செயலாளர் என்ற முறையில் மாமா. நேரம் பார்ப்பவன் என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு, ஓட்டு கிடையாது.

"ரெண்டு வருஷமா நாலாவது எடத்துல குப்பை கொட்டிட்டிருக்கோம்" என்றார் கோச். "ஒட்டகம் வந்தா ஒரு ஆட்டத்துக்கு இருபது பாயிண்ட். கண்ண மூடிட்டு எழுதிக்கலாம்."

"இருபது பாயிண்ட் வரும். கூடவே என் மேசைக்கு மாசம் ரெண்டு புகார் வரும். அத யார் எழுதிக்கிறது?" என்றார் மேனேஜர்.

கேப்டன் கையிலிருந்த டீயையே பார்த்துக்கொண்டு சொன்னான். "சார், அவனுக்கு மனசு இருந்தா பிராக்டிஸுக்கு வருவான், இல்லன்னா வரமாட்டான். அவனப் பாத்து மத்தவனும் கெட்டுப்போவான்."

"ஆமா, இப்ப எல்லாரும் தங்கக்கம்பி" என்றார் கோச். "நீயே போன வாரம் மாமியார் வீட்டுக்குப் போறேன்னு மூணு நாள் வரல."

"அது மாமியாருக்கு உடம்பு சரியில்ல சார்."

"அவங்கள நான் அன்னிக்கு மார்க்கெட்டுல பாத்தேன்யா. ரெண்டு கையிலயும் பை."

சிரிப்பு அடங்கியதும் மேனேஜர் மாமாவின் பக்கம் திரும்பினார். "அடி வாங்கினது நீங்க. தையல் போட்டதும் உங்களுக்கு. நீங்க வேணாம்னா வேணாம். உங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னா நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

"எனக்கு ஆட்சேபணை இல்ல சார்" என்றார் மாமா.

கோச் அவர் முதுகில் தட்டினார். "மனசுன்னா இது."

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. கூட்டக் குறிப்பு எழுதுவது செயலாளர் வேலை. மாமா நோட்டைத் திறந்து தேதியையும் வந்திருந்தவர்களையும் எழுதினார். மேனேஜர் சொல்லச்சொல்ல எழுதினார். "காயம்பட்ட ஸ்கோரர், பெருந்தன்மையோடு, மன்னித்துவிட்டபடியால்..."

'ஸ்கோரர்' என்ற சொல்லோடு பேனா நின்றது.

"என்ன, மை தீந்துபோச்சா?" என்றார் கோச். நான் என் பேனாவை நீட்டினேன். மாமா வாங்கவில்லை.

"இத என்னால எழுத முடியாது சார்."

"ஏங்க, மன்னிக்கலயா?"

"மன்னிக்கிறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. அந்த ஃபவுல் அவன் பண்ணல. பதிமூணு பண்ணினது. ரெஃபரி மூணு விரல்தான் காட்டினாரு. நான் பன்னெண்டுன்னு எழுதிட்டேன்."

கேப்டன் டீயைக் கீழே வைத்தான்.

"மூணுன்னு தெரிஞ்சுமா எழுதினீங்க?" என்றார் மேனேஜர்.

"தெரிஞ்சு இல்ல சார். அவன் நாலுல இருந்தான். அடுத்ததும் அவனாத்தான் இருக்கும்னு என் கை முன்னாடியே அவன் வரிசைக்குப் போயிருச்சு. விரல சரியா பாக்கறதுக்குள்ள எழுதிட்டேன். பாட்டில் வெளிச்சத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே பழுதுன்னு எடுத்துத் தொட்டியில போட்ட மாதிரி."

"எப்பத் தெரிஞ்சது?"

"ஆஸ்பத்திரியிலயே. ஷீட்டைப் பாத்ததும் அந்த மூணு விரல் கண்ணு முன்னாடி வந்திருச்சு."

"மூணு வருஷமா ஏன் சொல்லல?" இதைக் கேட்டவன் கேப்டன்.

"சொல்லிடலாம்னுதான் தையலோட வந்தேன். கேட்டுக்குப் பக்கத்துல கப்ப வெச்சுட்டு எல்லாரும் நின்னீங்க. என்னப் பாத்ததும் கை தட்டினீங்க." மாமா பேனாவை மூடினார், திறந்தார். "சொன்னா மேசை போயிரும். எனக்கு அந்த மேசைய விட்டா வேற போக்கிடம் இல்ல."

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். என் வீடு அவர் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை.

மேனேஜர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "சரி. ஒட்டகத்த எடுத்துக்குவோம், கையெழுத்துப் போடறேன். மத்தது இந்த ரூமோட இருக்கட்டும். எழுத வேணாம்."

"எழுதினா உங்களுக்கு மட்டுமில்லண்ணே, கப்புக்கும் வெனை" என்றார் கோச், ஏறக்குறைய கெஞ்சும் குரலில்.

"எழுதணும்ங்க. அவன் கூப்பிட்டுச் சொன்னப்பவே நான் நிமிந்து பாத்திருக்கணும்."

எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லாமல், ஒரு பக்கம். அதையே இன்னொரு தாளில் பிரதி எடுத்து லீகுக்கு அனுப்பினார். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. ஆட்சேபிக்கும் காலம் கடந்துவிட்டதால் முடிவில் மாற்றமில்லை, கப் எங்களுக்குத்தான். ஸ்கோரர் பட்டியலிலிருந்து மாமாவின் பெயர் எடுக்கப்பட்டது. மாமா எழுதி அனுப்பிய கடிதத்தையும் சேர்த்து லீக் எட்டு அணிகளுக்கும் அனுப்பியிருந்தது.

ஒட்டகம் வேலைக்குச் சேர்ந்த வாரம், மாமா மேசைச் சாமான்களை ஒப்படைக்க மைதானத்துக்கு வந்தார். எண் பலகைகள், மணி, மீதித் தாள்கள். நான் எண்ணி வாங்கிக்கொண்டிருந்தேன். ஒட்டகம் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"லெட்டரப் படிச்சேண்ணே."

"ம்."

"மூணு வருஷமா நான் என்ன நெனச்சிட்டிருந்தேன் தெரியுமா? என் கைதான் பட்டிருக்கும், கோவத்துல எனக்குத்தான் தெரியலன்னு. மேசைக்காரர் தப்பா எழுத மாட்டாருன்னு எங்க வீட்டுலயே சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்."

மாமா மணியை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரல. வேலை குடுத்திருக்காங்க, ஆடுவேன். அவ்வளவுதான்."

"சரிப்பா."

போக எடுத்தவன் நின்று அவர் நெற்றியைப் பார்த்தான். "அந்தத் தழும்பு..."

"அது உன்னோடதுதான். அதுல தப்பு இல்ல" என்றார் மாமா. ஒட்டகம் சிரித்துவிடுவான் போலிருந்தது. சிரிக்கவில்லை.

அதன் பிறகு மாமா இரண்டாம் ஷிப்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆட்டம் நடக்கும் மாலைகளில் அவர் விளக்குப் பலகையின் முன்னால் இருப்பார். மைதானத்தின் சத்தம் அங்கே கேட்காது, உலை இரைச்சல் அப்படி. என் பக்கத்து நாற்காலிக்கு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், கணினியில் அடிப்பாள். நல்ல பெண். "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஒட்டகம் திருந்திவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். பாதி திருந்தினான். முதல் சீசனில் அவன் ஆடியதைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்து வந்தார்கள். இரண்டாவது சீசனில் இரண்டு முறை பிராக்டிஸுக்குக் குடித்துவிட்டு வந்தான், ஒருமுறை ஆட்டத்தின் நடுவில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். நாங்கள் மூன்றாவது இடம் வந்தோம். மூன்றாவது சீசனில் வலது முழங்கால் முட்டி போய்விட்டது. மேனேஜர் அவனைப் பேக்கிங் பிரிவில் போட்டார். எடுத்தது சரியா என்று கோச்சும் கேப்டனும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நானும் மாமாவும் பார்த்துக்கொண்டது கேட்டில்தான், ஷிப்டு மாறும் நேரத்தில்.

"என்ன மச்சான், கடிகாரம் ஓடுதா?"

"ஓடுது மாமா."

நான்கு வருடத்துக்கு இதுதான் எங்கள் பேச்சு. விடுமுறை நாளில் அவர் தெருவழியாகப் போவேன். ஜன்னல் திறந்திருக்கும். மேடைமேல் ஒரு தம்ளர் கவிழ்த்து வைத்திருப்பது தெரியும். நான் வாங்கிக் கொடுத்த ஆறில் மற்ற ஐந்தும் உள்ளே அலமாரியில் இருக்க வேண்டும். கையில் காய்கறிப் பை கனக்கிறது, அடுத்த வாரம் வரலாம் என்று நடந்துவிடுவேன். கதவைத் தட்டினால் என்ன பேசுவது என்பதுதான் என் பயம். மேசை இருந்தபோது பேச வேண்டிய தேவை இருக்கவில்லை.

அவர் ஸ்டூலிலேயே போய்விட்டார். மாற்று ஆள் வந்து தோளைத் தொட்டிருக்கிறான். 'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்று வழக்கமாக வரும் பதில் வரவில்லை. எத்தனை பாட்டில் பார்க்கப்படாமல் போனது என்று தெரியாததால், அன்றைய ஷிப்டின் பாட்டில்கள் முழுவதையும் திரும்பக் கொண்டுவந்து வெளிச்சத்தில் ஓடவிட்டார்களாம்.

பெட்டியை வீட்டிலிருந்து தெருமுனை வண்டிவரை தூக்கிப் போக வேண்டும். தெரு குறுகல், வண்டி உள்ளே வராது. முன்னால் நானும் பக்கத்து வீட்டுக்காரரும், பின்னால் கேப்டனும் ஒட்டகமும். ஒட்டகத்தை நான் கூப்பிடவில்லை. எப்போது வந்து நின்றான் என்றும் தெரியாது. அவன் நிமிர்ந்து நின்றால் பெட்டி ஒருபக்கம் சாயும். அதனால் தூக்கிய இடத்திலிருந்து வண்டிவரை முட்டியை மடக்கியபடியே நடந்தான், அந்த முட்டியையும் சேர்த்து. பெட்டி எங்கும் கோணவில்லை.

வண்டி கிளம்புவதற்கு முன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"வலிக்குதா?" என்றேன்.

"வலிக்குதுண்ணே."

"நடுவுல யாரையாவது மாத்திவிட்டிருக்கலாமே."

"யாரண்ணே மாத்துறது? எண்ணிப் பாத்தேன். தூக்கத் தெம்பிருக்கிற ஆளு நாம நாலு பேருதான்."

திரும்பித் தெருவைப் பார்த்தேன். ரெஃபரி வந்திருந்தார், அவருக்கு வயது எழுபதுக்கு மேல். எறும்பின் மனைவி வந்திருந்தாள், அவனுக்கு அன்று ஷிப்டு. நானும் ஒருமுறை எண்ணினேன். அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது.